மூன்று நிமிடப் பாட்டு

நுழையுமுன்

ஒரு பாட்டின் நீளத்தை முடிவு செய்பவர் யார்? பாடுபவரா, கேட்பவரா, அவ்விருவருக்கும் இடையே நிற்கும் கருவியா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கூம்பின் முன் ஒரு குரல்

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்கத்தாவில் ஒரு விடுதி அறை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்டிருந்தது. புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் அங்கே வந்தார். அக்காலத்தில் மின் ஒலிவாங்கி இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன் நின்று உரத்த குரலில் பாட வேண்டும். இலண்டனிலிருந்து வந்திருந்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் அக்குரலை மெழுகுத் தட்டில் பதிவு செய்தார்.

தட்டில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுக்கே இடமிருந்தது. இராகத்தை நெடுநேரம் விரித்துப் பாடும் மரபில் வளர்ந்த கௌஹர் ஜான், அதன் சாரத்தை அந்தச் சிறு பொழுதுக்குள் அடக்கிப் பாடினார். முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்தார். செருமனியின் ஹானோவர் நகரில் தட்டுகளை அச்சிடும் தொழிலாளர்கள் பாடியவரை அடையாளம் காண அது உதவியது. செல்வர் அவைகளில் மட்டும் ஒலித்த குரல், அதன்பின் பலருடைய இல்லங்களிலும் ஒலித்தது.

மாறிய கருவி, மாறிய பாட்டு

இசைத்தட்டின் இவ்வளவு திரைப்பாடலுக்கும் எல்லையாயிற்று. நீண்ட பாடல்கள் தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்துப் பதியப்பட்டன. 1948இல் வந்த நீண்ட நேர இசைத்தட்டு, ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. 1963இல் அறிமுகமான ஒலிநாடா, விலை குறைந்ததாய், எளிதில் படியெடுக்கத் தக்கதாய் அமைந்தது. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் பாட்டு ஒலித்தது. ஆயினும் திருட்டுப் பதிவுகளால் படைத்தவரின் வருவாய் குறைந்தது. 1979இல் வாக்மேன் வந்தபின், பலர் கூடிக் கேட்ட பாட்டைத் தனியே கேட்கும் பழக்கமும் பெருகியது.

2011ஆம் ஆண்டு நவம்பரில், ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடல் யூடியூபில் வெளியானது. அனிருத் இசையமைக்க, தனுஷ் பாடினார். எளிய மெட்டும் தமிழோடு கலந்த ஆங்கிலச் சொற்களும் ஒலிப்பதிவுக் கூடக் காட்சிகளும் கொண்ட அப்பாடல், படம் வெளிவரும் முன்பே தமிழறியாத மக்களிடமும் பரவியது.

முப்பது நொடி

இன்று இசைச் செயலிகளில் கோடிக்கணக்கான பாடல்கள் உள்ளன. ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் முப்பது நொடி கேட்கப்பட்ட பின்னரே பாடல் கணக்கில் சேரும். ஆதலால் முன்னிசையைச் சுருக்கிப் பல்லவியை முதலிலேயே வைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. பொறுமையாய் மலரும் பாட்டுக்கு இது இடர். பெரிய நிறுவனத்தின் துணையில்லாத இளங்கலைஞருக்கோ, உலகின் செவியை எட்ட ஒரு வாயில்.

கருவி எல்லை வகுக்கலாம். அவ்வெல்லைக்குள்ளும் கலை வாழும் என்பதைக் கௌஹர் ஜான் காட்டினார். பாட்டை இறுதிவரை கேட்கும் பொறுமை கேட்பவரின் பங்காகும்.

சொற்பொருள்

சாரம் – பிழிவு. படியெடுத்தல் – நகல் எடுத்தல். இடர் – துன்பம். வாயில் – வழி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: இசைத்தட்டு, இளங்கலைஞர்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை அறிவித்தது ஏன்?
2. ஒலிநாடாவால் விளைந்த நன்மை, தீமை யாவை?

இ. சிந்தித்து எழுதுக: மூன்று நிமிட எல்லை, முப்பது நொடி எல்லை – இவற்றுள் பாட்டை மிகுதியாக மாற்றியது எது? காரணம் தருக.

ஈ. செயல்பாடு: வீட்டிலுள்ள பெரியோர் இளமையில் எக்கருவியில் பாட்டுக் கேட்டனர் எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.