துபாய்க்குக் கிளம்பும் தம்பிக்கு, அறை பிடிப்பது பற்றி

சாயல்குடி, நரிப்பையூர், ஒப்பிலான், வாலிநோக்கம் என்று நம் இராமநாதபுரம் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இல்லை. கீழக்கரை பி.எஸ்.அப்துர் ரஹ்மான் எழுபதுகளில் துபாயில் தொடங்கிய இடிஏ நிறுவனத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பெரிய கம்பெனி என்றால் இறங்கிய அன்றே கட்டில் தயாராக இருக்கும். இப்போது பலர் சின்னக் கடைக்கும் சின்னக் கம்பெனிக்கும் போகிறார்கள். சிலர் விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறார்கள். படுக்க இடம் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. துபாய் தேராவில் நெடுங்காலம் இருந்து, புதிதாக வந்த பிள்ளைகள் பலருக்கு அறை பிடித்துக் கொடுத்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே. தங்குமிடம் கம்பெனி தருகிறதா, அதற்குப் பதில் பணம் தருகிறதா என்று எழுதியிருக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், மாதம் 1,500 திர்ஹத்துக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தங்குமிடம் தரவேண்டும் என்பது அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் விதி. பணமாகத் தருகிறார்கள் என்றால், அந்தத் தொகைக்கு வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) கிடைக்குமா என்று அங்கே இருக்கும் நம் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல். ஏஜெண்டிடம் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்றுதான் சொல்வார்.

2. இங்கிருந்தே அட்வான்ஸ் அனுப்பாதே. ஃபேஸ்புக்கில் அழகான படம் போட்டு, இன்னும் ஒரே ஒரு கட்டில்தான் பாக்கி என்று அவசரப்படுத்துவார்கள். முதல் மாதத்துக்குத் தெரிந்தவர் அறையில் ஒரு மூலை போதும். போய் இறங்கி, கண்ணால் பார்த்து, பிறகு முடிவு செய். புரோக்கர் மூலம் பிடித்தால் துபாய் நிலத்துறை கொடுத்த அட்டை அவரிடம் இருக்கிறதா என்று கேள். துபாய் ரெஸ்ட் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு நீயே சரிபார்க்கலாம்.

3. நான் சொல்வதில் இதை மட்டுமாவது மனதில் வை: கட்டிலுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேள். துபாயில் வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் நிலத்துறையின் இஜாரி பதிவேட்டில் பதிவாக வேண்டும். உனக்குக் கட்டில் தருகிறவர் அனேகமாக வீட்டுக்காரர் இல்லை; வீட்டை வாடகைக்கு எடுத்து, அதைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறவர். 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால் அவரையும் வெளியேற்றலாம், அவரிடம் குடியிருக்கும் உன்னையும் வெளியேற்றலாம். நீ அவரிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த ரசீதே உன்னிடம் இல்லையென்றால் எதை வைத்துக் கேட்பாய்?

2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, ரஃபா, பர்ஷா பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ப்ளைவுட் தடுப்புக்குள் குடியிருந்தவர்கள் திடீரென்று வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஆகவே இஜாரித் தாளைக் காட்டச் சொல். உள்வாடகைக்கு உரிமையாளர் சம்மதித்த கடிதத்தைக் கேள். அந்த வீட்டில் குடியிருக்கும் எல்லாருடைய பெயரையும் துபாய் ரெஸ்டில் பதிய வேண்டும் என்று நிலத்துறை 2022இல் அறிவித்தது. என் பெயரையும் சேர்ப்பீர்களா என்று கேள். மழுப்பினால் பையை எடுத்துக்கொண்டு நட. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டவுடன் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

4. மாத வாடகை கொடுத்தவுடன் தாளில் ஒரு வரி வாங்கு: தேதி, தொகை, எந்த மாதத்துக்கு, டெபாசிட் எவ்வளவு. எழுதித் தர மறுத்தால் வங்கி வழியாக அனுப்பு.

5. அறையின் வாடகையைக் கேட்கும் முன் அதன் வாசலைப் பார். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்த 45 இந்தியர்களின் உடல்கள் இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டினர். ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். தீ பிடித்தது கீழ்த்தளத்தில்; அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் எரியும் பொருளால் ஆனவை; மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்று செய்திகள் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 15 அன்று தேராவில், அல் ராஸ் பகுதிக் கட்டடத் தீயில் 16 பேர் போனார்கள். அதிலும் தமிழ்நாட்டினர் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் என்னால் அறை பற்றிப் பேச முடிவதில்லை. நீ போகும் இடத்தில் இறங்கிப் போக இரண்டாவது படிக்கட்டு உண்டா? மாடிக் கதவு திறக்கிறதா? உன் கட்டில் இருக்கும் பார்ட்டிஷனிலிருந்து ஜன்னல் தெரிகிறதா? ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குளிர்சாதனப்பெட்டி, அடுப்பு, பத்து போன் என்று செருகியிருக்கிறார்களா? கேஸ் சிலிண்டர் படுக்கும் இடத்தில் நிற்கிறதா? மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை இரவெல்லாம் வாசலில் சார்ஜ் போடுகிறார்களா? நூறு திர்ஹம் குறைகிறது என்று இதில் ஒன்றுக்கும் விட்டுக்கொடுக்காதே. கம்பெனி அறையாக இருந்தாலும் இதே கண்ணோடு பார், குறை இருந்தால் கேம்ப் பாஸிடம் சொல்.

6. மெத்தையின் ஓரத் தையலைப் புரட்டிப் பார். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேயே தெரியும்.

7. ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று ஓடுகிறவர்கள் அல் இத்திஹாத் சாலையில் காலை நேரத்து நெரிசலை ஒரு நாள் அனுபவித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மிச்சமாகும் பணம் தூக்கத்தை வெட்டித்தான் வருகிறது.

8. நாலைந்து வருடம் கழித்துக் குடும்பத்தைக் கூட்டிப்போகும் காலம் வரும். அப்போது செலவு வாடகையோடு நிற்காது. டெபாசிட் வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம், சாமான்களோடு கூடிய வீடென்றால் 10. புரோக்கர் கமிஷன் அனேகமாக 5 சதவீதம். மின்சாரமும் தண்ணீரும் தரும் டெவாவுக்கு ஃபிளாட் என்றால் 2,000 திர்ஹம் கட்டி வைக்க வேண்டும். வீட்டு வரியாக ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை மாதமாதம் அந்த பில்லிலேயே சேர்த்து வாங்குவார்கள். வாடகைக்குத் தேதி போட்ட செக்குகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சம்பளம் வராத மாதத்தை நினைத்துக்கொண்டு தேதி போடு. செக் திரும்பினால் முன்போல் சிறை என்ற நிலை 2022 ஜனவரியோடு பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். ஊருக்கு வர முடியாமல் பயணத் தடையும் விழலாம்.

வாடகையை ஏற்றவும் வரம்பு உண்டு. சந்தை வாடகையைவிட உன் வாடகை 10 சதவீதத்துக்குள் குறைவு என்றால் ஏற்றவே முடியாது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணை இது. ஏற்றப்போவதாக 90 நாள் முன்னதாகச் சொல்லவும் வேண்டும். இது தெரியாமல் கேட்டதைக் கொடுக்கிறவர்கள் அதிகம்.

9. சிங்கப்பூருக்குப் போகிறவன் என்றால்: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு இருக்கக்கூடாது. கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் போகும் இந்தியர் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்க முடியாது, பெரும்பாலும் டார்மிட்டரிதான். வீவக வாடகைப் பணத்தை ஏஜெண்ட் தன் கையில் வாங்குவதே குற்றம். அவர் நீட்டினாலும் நீ கொடுக்காதே. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றை வைத்துக்கொள்.

10. அமீரகத்தில் சிக்கினால் இந்தியர்களுக்கென்று பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இருக்கிறது, கட்டணமில்லா எண் 800 46342. துபாய் வாடகை வழக்குக்குத் தேராவில் தனி மையம் இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. கிளம்பும் முன்பே அதில் பதிந்துகொள்.

11. துபாயில் ஒவ்வொரு கட்டட வாசலிலும் 10 இலக்க மக்கானி எண் ஒட்டியிருக்கும். அறை மாறிய அன்றைக்கே அந்த எண், அறை எண், ஒப்பந்தக்காரர் பெயர், நாத்தூரின் (கட்டடக் காவலாளியின்) போன் நம்பர் நான்கையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு. அம்மாவுக்கு வாட்ஸ்அப் தெரியாது என்றால் தம்பி, தங்கச்சி யாருக்காவது அனுப்பி, ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுக்கச் சொல்.