அண்மை வழியும் நெடுவழியும்

காரைக்குடியில் செங்கல் ஏற்றித் தேவகோட்டையில் இறக்கும் லாரி ஓட்டுநர் இரவில் தம் இல்லத்தில் உண்பார். மும்பைக்குச் செல்பவரோ பன்னாள் வண்டியையே வீடாகக் கொள்வார். முன்னவர் தொழில் எளிதென்பர் சிலர், அது பொருந்தாது. ஒரே நாளில் பன்முறை ஏற்றி இறக்குதலும், குறுகிய தெருவில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துதலும் அவர்க்கே உரியன.

நெடுவழிச் செலவு தமிழர்க்குப் புதிதன்று. சங்ககாலத்து உமணர் உப்பு வண்டிகளுடன் தொலைவூர்களுக்குச் சென்றனர். இடைவழியில் அச்சு முறியுமென அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டினர். புறநானூறு இதனைச் ‘சேம அச்சு’ என்னும். இன்றைய லாரியின் மாற்றுச் சக்கரமும் அத்தகையதே. ஆயின் உமணர் மனைவி மக்களையும் உடன்கொண்டு சென்றனர். ஓட்டுநரோ பிரிந்து செல்கின்றார்.

உறக்கமின்மையே அவர்க்குப் பெரும்பகை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்த் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையே வகுத்தது; நெடுவழிக்கு, அதிகாரி இசைந்தால், 10 மணி வரை நீட்டலாம் என்றது.