37, 41, 43: எது உண்மையான சாதனை?

கேள்வி: டென்னிஸில் மிக அதிக வயதில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றவரின் வயது 37 என்று ஒரு நூலும் 41 என்று இன்னொரு நூலும் கூறுகின்றன. ரோஹன் போபண்ணா 43 வயதில் வென்றதும் செய்தியாக வந்தது. இவற்றில் எது சரி?
- வாசகர், மதுரை

பதில்: மூன்றுமே சரியான தகவல்கள்தாம், ஆனால் அவை வெவ்வேறு சூழல்களில் எட்டப்பட்டவை என்பதால் ஒன்றோடொன்று நேராக ஒப்பிடத் தக்கவை அல்ல.

1909இல் 41 வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர் இங்கிலாந்தின் ஆர்தர் கோர். அக்காலத்தில் நடைமுறையில் இருந்த சேலஞ்ச் சுற்று முறைப்படி, முந்தைய ஆண்டின் சாம்பியன் தொடக்கச் சுற்றுகளில் ஆடாமல் காத்திருந்து, மற்றவர்களுக்குள் வென்று வருபவரை மட்டும் எதிர்கொள்வார். 1908இன் சாம்பியனான கோர் அவ்வாறே ஜோசையா ரிச்சி ஒருவருடன் மட்டும் மோதினார். முதலிரண்டு செட்டுகளை இழந்தபின் அடுத்த மூன்றையும் அவர் கைப்பற்றியது பெரிய செயலே எனினும், இரண்டு வாரங்களில் ஏழு ஆட்டங்களை வெல்ல வேண்டிய இன்றைய சாம்பியனின் உழைப்புக்கு அதை ஈடாகக் கொள்ள இயலாது. 1922இல் அம்முறை கைவிடப்பட்டது.

37 என்பது ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வாலுக்கு உரிய எண். பணம் பெற்று ஆடும் தொழில்முறை வீரர்களைப் பெரும் போட்டிகள் அனுமதிக்காத காலத்தில், 22 வயதில் தொழில்முறைக்கு மாறிய அவர், இரு பிரிவினரும் ஒன்றாக ஆடும் ஓபன் காலம் 1968இல் தொடங்கும் வரை, தம் உடல் உச்ச நிலையில் இருந்த பதினோர் ஆண்டுகள் கிராண்ட் ஸ்லாம் களங்களுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது அவருக்கு 33 வயது. அதன்பின் நான்கு ஒற்றையர் பட்டங்களை வென்றார். அவற்றுள் கடைசியானது 1972 ஜனவரியில் மெல்போர்னின் கூயோங் புல்தரையில் மால்கம் ஆண்டர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்திப் பெற்ற ஆஸ்திரேலிய ஓபன். அவருடைய சர்வில் வேகம் குறைவு. ஆனால் பந்தை முன்கூட்டியே சந்தித்துக் கீழ்நோக்கி வெட்டி அனுப்பும் பேக்ஹேண்ட், புல்லில் எழும்பாமல் வழுக்கிச் செல்ல, ஓட வேண்டிய வேலை பெரும்பாலும் எதிராளிக்கே அமைந்தது. வலிமையை நம்பாத ஆட்டமே அவரை நீண்ட காலம் காத்தது என்று கருத இடமுண்டு. 39 வயதிலும் அவர் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டின் இறுதிக்கும் வந்தார். எனினும் ஏறத்தாழ 18 வயது இளையவரான ஜிம்மி கானர்ஸிடம் இரண்டிலும் தோற்றார், அமெரிக்க இறுதியில் எடுத்தது இரண்டே கேம்கள்.

போபண்ணா 2024இல் மேத்யூ எப்டனுடன் வென்ற ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் இரட்டையர் பிரிவைச் சேர்ந்தது. அதில் களத்தின் அகலத்தை இருவர் பகிர்ந்துகொள்வதாலும், ஐந்து செட்டுகளுக்குப் பதில் மூன்றே ஆடப்படுவதாலும், கால்களின் வேகத்தைவிட சர்வும் வலையருகே கைவேகமும் அதிகம் பயன்படுகின்றன. கலப்பு இரட்டையரில் மார்ட்டினா நவ்ரத்திலோவா 2006 அமெரிக்க ஓபனை வென்றபோது அவருக்கு 49 வயது.

ஆகவே, ஓபன் கால ஆடவர் ஒற்றையர் பட்டமே கேள்வியின் பொருள் என்றால் விடை ரோஸ்வால். உடற்பயிற்சி அறிவியலும் மருத்துவமும் இவ்வளவு வளர்ந்த பின்னரும், 2018இல் ஆஸ்திரேலிய ஓபனை 36 வயதில் வென்ற ரோஜர் ஃபெடரர்கூட அந்த வயதுக்கு ஏறத்தாழ எட்டு மாதங்கள் குறைவாகவே இருந்தார்.