விளக்கும் நெய்யும்: அவசர ஜெனரேட்டரைச் சோதிப்பது குறித்து ஒரு பாடம்



ஆண்டுதோறும் இம்மலரில் தலபுராணமும் அடியார் வரலாறும் கற்றறிந்த பெரியோர்கள் எழுதி வருகிறார்கள். இவ்வாண்டு நம் அறக்கட்டளைச் செயலாளர் என்னை அழைத்து, “ஐயா, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டரைப் பற்றி நீங்கள் எழுதுங்கள்” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சார்ஜ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆன்மீக மலரில் எஞ்சினுக்கு என்ன இடம் என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, இதுவும் கோயில் விளக்கைப் பற்றிய பேச்சுதான் என்று பட்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குத் தானம் அடிக்கடி வரும். கோயிலில் ஒரு விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டும் என்று விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. தினமும் நெய் வேண்டுமே! ஆகவே ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் காணும் கணக்கு. அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழட்டு ஆடுகள் போனால் குட்டிகள் வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையக் கூடாது என்பது கருத்து. விளக்கைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அது எரியும்படி பார்த்துக்கொள்வதே அறக்கட்டளை என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்.

நம் மண்டபத்து ஜெனரேட்டரும் ஒரு நந்தா விளக்குதான். அதற்கு நெய் அளக்காமல் விட்ட இடையன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கையெழுத்து 56

ஜெனரேட்டர் வந்த நாள் முதல் அதன் பொறுப்பு என்னுடையது. வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் போய்ப் பொத்தானை அழுத்துவேன். எஞ்சின் கம்பீரமாக உறுமும். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். பதிவேட்டில் ‘ஓடியது, நன்று’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். ஒருமுறை தீயணைப்பு நிலையத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “பெபான் எவ்வளவு?” என்று மலாயில் கேட்டார். சுமை எவ்வளவு கொடுத்து ஓட்டினீர்கள் என்பது அவர் கேள்வி. ஆம்பியர் எழுத வேண்டிய கட்டத்தில் ஓர் எண்கூட இல்லை. “ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது” என்றேன். அவர் புன்னகைத்தார். சுமையோடு ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது வீண் கெடுபிடியாகத் தோன்றியது.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு மாடி மண்டபத்தில் திருமண விருந்து. ஏறக்குறைய முந்நூறு பேர். மின்சாரம் போனது. ஏழெட்டு வினாடியில் எஞ்சின் தானே உயிர் பெற்று விளக்குகள் எரிந்தன. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான். குளிர்சாதனங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நான்கு நிமிடம் இருக்கும். எஞ்சினின் குரல் கம்மியது. விளக்குகள் துடித்தன. பிறகு ஒரே இருட்டு.

படிக்கட்டில் மின்கலத்தில் எரியும் அவசர விளக்குகள் ஆறு உண்டு. இரண்டுதான் எரிந்தன. அவற்றையும் நான் சோதித்ததில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் மக்களை இறக்கினோம். நடுப்படியில் ஒரு பாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடித்ததும், “தம்பி, அடுத்த படி எங்க இருக்குன்னு தெரியலையே” என்றார். பின்னாலே கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அன்று தீ இல்லை, புகை இல்லை. ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது இறைவன் அருள். என் வேலைத் திறமை அன்று.

மறுநாள் திறந்து பார்த்தோம். டீசல் வடிகட்டி முழுவதும் வழுவழுவென்ற கசடு. சும்மா ஓடும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். அந்த அடைத்த வடிகட்டி வழியாகவும் அது கசிந்து வந்துவிடும். சுமை ஏறியவுடன் பல மடங்கு டீசல் வேண்டும். அப்போது மூச்சு முட்டிவிட்டது. பதிவேட்டை எடுத்து எண்ணினேன். 56 கையெழுத்து. 56 தடவை ‘நன்று’.

சட்டம் என்ன கேட்கிறது?

தீபகற்ப மலேசியாவில் கட்டடங்களுக்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள் உண்டு. அவற்றின் 253ஆவது விதி அவசர மின்சாரத்தைப் பற்றியது. அதன் சாரம் இதுதான். வழக்கமான மின்சாரம் நின்றால் அவசர மின்சாரம் தானாகவே வர வேண்டும். அதுவும் 10 வினாடிக்குள் வர வேண்டும். ‘சிவாய நம’ என்று நிதானமாகப் பத்து முறை சொல்லும் நேரம் அது. வெளிச்சம், தீ எச்சரிக்கை மணி, தீயணைப்பு நீர்ப் பம்பு, ஒலிபெருக்கி அறிவிப்பு, புகைக் கட்டுப்பாடு, தீயணைப்போர் பயன்படுத்தும் மின்தூக்கி ஆகியவற்றுக்கு அது மின்சாரம் தர வேண்டும். இணைத்துள்ள எல்லாவற்றையும் தாங்கும் ஆற்றலும் வேண்டும். ஜெனரேட்டருக்குப் பதில் மின்கலத் தொகுதி வைப்பதானால், அது குறைந்தது ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும், மின்னழுத்தம் 87.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்து, 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம். குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீச் சான்றிதழ் வேண்டும் என்றும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் மண்டபமோ இல்லமோ அதில் அடங்குமா என்பதை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள். ‘எஞ்சின் ஓட வேண்டும்’ என்று மட்டும் அது நின்றுவிடவில்லை. தானாக, 10 வினாடிக்குள், முழுச் சுமையையும் தாங்கி என்கிறது. நான் திங்கட்கிழமை தோறும் சோதித்தது இம்மூன்றில் எதையும் அன்று.

சுமை ஏன் வேண்டும்?

டீசல் எஞ்சின் உழைக்கப் பிறந்தது. சுமையில்லாமல் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெயுமாகப் புகைக்குழாயில் படியும். ஆக, வெறும் ஓட்டம் சோதனையும் ஆகாது. எஞ்சினுக்குக் கெடுதலும் செய்யும்.

எவ்வளவு சுமை? அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 110 என்னும் தரநூலைப் பல நாட்டுப் பொறியாளர்களும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது நம் நாட்டுச் சட்டம் அன்று. ஆனால் நல்ல வழிகாட்டி. வாரம் ஒருமுறை பார்வையிட வேண்டும்; மாதம் ஒருமுறை 30 நிமிடம், திறனில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத சுமையில் ஓட்ட வேண்டும் என்கிறது. அவ்வளவு சுமை கிடைக்காவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைச் சுமைப்பெட்டியை இணைத்து, 50 விழுக்காட்டில் அரை மணியும் 75 விழுக்காட்டில் ஒரு மணியும் தொடர்ந்து ஓட்டச் சொல்கிறது.

நம் மண்டபத்துக் கணக்கைப் பாருங்கள். ஜெனரேட்டர் 100 கே.வி.ஏ.; அதாவது 80 கிலோவாட். 30 விழுக்காடு என்றால் 24 கிலோவாட். 18 வாட் எல்.இ.டி. விளக்கு 60, 75 வாட் மின்விசிறி 20, எல்லாவற்றையும் போட்டாலும் 2.6 கிலோவாட்தான், மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆளுக்கு 2 கிலோவாட் இழுக்கும் குளிர்சாதனம் பன்னிரண்டையும் ஓட்டினால்தான் கணக்கு நிறைகிறது. ஆகவே, சோதனை நாளில் காலி மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடுவதைப் பார்த்து, காசு வீணாகிறதே என்று யாரும் கோபிக்க வேண்டாம்!

சோதனை நாளில் செய்ய வேண்டியவை

எங்கள் சோதனை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை. நம்மவர் செவ்வாயில் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் காலியாக இருக்கும்.

முதலாவது, எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மின்தூக்கியில் யாரும் இருக்கக் கூடாது. முதியோர் இல்லம் நடத்துவோர், மின்சாரத்தில் இயங்கும் பிராணவாயுக் கருவியை நம்பியிருப்பவர்களுக்கு முதலில் சிலிண்டரை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். தீ எச்சரிக்கை மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் அங்கும் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, பொத்தானை அழுத்தித் தொடங்கக் கூடாது. தகுதி பெற்ற சார்ஜ்மேனைக் கொண்டு முதன்மைச் சுவிட்சை இறக்கி, உண்மையான மின்தடையையே உண்டாக்க வேண்டும். அப்போதுதான் தானியங்கி மாற்றுச் சுவிட்சும் சோதிக்கப்படும். கையில் கடிகாரத்தோடு ஒருவர் மண்டபத்துக்குள் நின்று, விளக்கு எரிய எத்தனை வினாடி ஆயிற்று என்று குறிக்க வேண்டும். அந்த இடைவெளியில் படிக்கட்டு அவசர விளக்குகள் ஒவ்வொன்றும் எரிகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 30 நிமிடம் சுமையோடு ஓட்டி எண்களை எழுத வேண்டும். மின்னழுத்தம், 50 ஹெர்ட்ஸ் நிற்கிறதா, ஆம்பியர், எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், மணிக்கணக்கு மீட்டர். ‘நன்று’ என்ற சொல்லுக்குப் பதிவேட்டில் இடமே இல்லை.

நான்காவது, மின்கலம். எஞ்சின் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். 12 வோல்ட் மின்கலம் முழுதாக மின்னேறி ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் மின்கலத்தின் ஆயுள் குறைவு.

ஐந்தாவது, டீசல். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் உயிரி எரிபொருளும் கலந்திருக்கிறது. அது ஈரத்தை எளிதில் ஈர்க்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால் கசடு வளரும். அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். வடிகட்டியைக் காலத்தில் மாற்றுங்கள்.

ஆறாவது, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தபின் எஞ்சின் ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடிக் குளிரட்டும். பிறகு சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று இருவர் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். சோதனையை அருமையாக முடித்துவிட்டு, சுவிட்சை ‘நிறுத்தம்’ என்ற இடத்திலேயே விட்டு வருவது இத்தொழிலில் அடிக்கடி நேரும் மறதி.

இன்னும் ஒன்று. ஜெனரேட்டர் அறை பண்டசாலை அன்று. உடைந்த நாற்காலி, காகிதத் தட்டுப் பெட்டி, போன திருவிழாவின் அலங்காரத் துணி எல்லாம் அங்கே குவிவது நம் கோயில்களின் வழக்கம். சுடும் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அவை தீக்கு விறகு. புகை வெளியேறும் வழியையும் அடைக்கக் கூடாது. அந்தப் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சனிக்கிழமை மாலை பாக்காவில் தொடங்கிய கோளாற்றால் தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று. மின்சாரம் ஒருபோதும் போகாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போகும் நேரத்தையும் அது நம்மைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஜெனரேட்டர் வாங்க நன்கொடை கேட்டபோது பலர் முன்வந்தீர்கள். பித்தளைத் தகட்டில் உங்கள் பெயர்கள் ஒளிர்கின்றன, அது தகும். ஆனால் வடிகட்டிக்கும் மின்கலத்துக்கும் டீசலுக்கும் யாரும் தகடு வைப்பதில்லை. மாதம் ஒரு சோதனைக்குச் செலவாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் டீசல். ஆண்டுக்கு ஐம்பது லிட்டர். நம் காலத்து உழக்கு நெய் அதுதான். இனி எந்த அறநிலையத்துக்கு இயந்திரம் வாங்கித் தந்தாலும், அதன் பராமரிப்புக்கென்று ஒரு தொகையையும் சேர்த்து ஒதுக்கிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ‘ஜெனரேட்டர் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாக எப்போது, எவ்வளவு சுமையில் ஓட்டினீர்கள்? பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி நல்லது.

அந்தப் பாட்டி இப்போதும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறார். படியேறும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, நின்று நின்றுதான் ஏறுகிறார். அவர் காலுக்கு அடுத்த படி எப்போதும் தெரிய வேண்டும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கான கவனத்தை நமக்கு அருள்வானாக.