விலாசம் உள்ளவனைப் பிடி

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் முன்பெல்லாம் புட்டடி ஏலத்தில் சரக்கு என்ன விலைக்குப் போனது என்றுதான் கேட்பார்கள். இப்போது, "பெரியப்பா, இந்த மெயில்காரன் மேல் கேஸ் போட முடியுமா?" என்கிறார்கள். ஒருமுறை சூடு பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

1. கொசு எது, தேள் எது என்று முதலில் பிரித்துக்கொள். உன் வெப்சைட்டை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்பவனும், சீனாவில் உன் கடைப் பெயரை யாரோ பதிவு பண்ணப் போகிறார்கள் என்று பயமுறுத்துகிறவனும் கொசு. வேண்டாத போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் டிராய் போட்ட 2018 விதிகள் இருக்கின்றன, புகார் சொல்ல 1909 இருக்கிறது. மெயிலுக்கென்று அப்படித் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொந்தரவு பண்ணும் மெயிலைப் பற்றி ஒரு உட்பிரிவு இருந்தது. ஃபேஸ்புக்கில் எழுதியவர்களையெல்லாம் அந்தப் பிரிவில் பிடித்துப் போடவும், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. செய்தது சரிதான். நமக்கு இருந்த ஒரே பிடியும் அதோடு போயிற்று.

உன் பெயரைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற மெயில், பணத்தைப் பறிக்கிற மெயில், இதுதான் தேள். 66சி, 66டி இரண்டும் அதற்கு இன்றும் உண்டு. மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். கொசுவுக்கு ஸ்பேம் பட்டனை அழுத்திவிட்டு வேலையைப் பார்.

2. மெயிலை ஃபார்வர்டு பண்ணாதே. நான் கெட்டது இதில்தான். கான்பூரில் பழைய பார்ட்டி ஒருவர், எட்டு எம்.எம். சரக்கு எடுப்பவர். என் கடைப் பெயரில் அவருக்கு மெயில் போயிருக்கிறது: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்." மெயில் முகவரியில் ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டி வைத்திருந்தான். செல்போன் திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் எம் மாதிரியே தெரியும். மூன்று லட்சத்துச் சொச்சம் போய்விட்டது. அவர் அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்டு பண்ணிவிட்டு, ஆத்திரத்தில் ஒரிஜினலை அழித்துவிட்டார். நான் அதை பிரிண்ட் எடுத்துப் பெருமையாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

ஃபார்வர்டு பண்ணினால் ஹெட்டர் போய்விடும். எந்த சர்வரில் புறப்பட்டு எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று "ரிசீவ்டு" என்று தொடங்கும் வரிகள் அதில் இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடிவரிகளைத் திருடன் பொய்யாகவும் எழுதி வைப்பான், உன் மெயில் கம்பெனி போட்ட மேல்வரி பொய்யாகாது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, "ஷோ ஒரிஜினல்" போய், முழு ஃபைலாக டவுன்லோடு பண்ணி வை. கோர்ட்டுக்குப் போகும்போது பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் கேட்பார்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்தது. ஒரு பகுதியில் நீ கையெழுத்துப் போட வேண்டும், மறு பகுதியில் நிபுணர். ஃபைலின் ஹேஷ் எண்ணும் அதில் ஏற வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வக்கீலுக்கு ஃபீஸ் கட்டாதே.

3. பணம் போயிருந்தால் அழுவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடி. பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, முத்திரை வாங்கு. சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதற்கு மேலும் வைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காதே. தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருந்தால் தடம் அழிந்துவிடும்.

4. விலாசம் உள்ளவனைப் பிடி. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் கிளிண்டன் என்ற சின்ன ஊர். அங்கே இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்து வந்த ஒரு சிறு கம்பெனி, ஸ்பேம் குவிந்து சர்வரே திணறிப்போய் வழக்குப் போட்டது. 2004 டிசம்பரில் தீர்ப்பு: நூறு கோடி டாலருக்கு மேல்! எதிர்த்தரப்பு கோர்ட் பக்கமே வரவில்லை. அந்தப் பணம் கைக்கு வரும் என்று வழக்குப் போட்டவரே நம்பவில்லை.

நம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார். அபுதாபியில் வேலை. 2007இல் ஐசிஐசிஐ வங்கி அனுப்பியது போலவே ஒரு மெயில் வர, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். 6 லட்சத்துக்கு மேல் போனது. போனது அதே வங்கியின் இன்னொரு கணக்குக்கு. பெரும்பகுதியை மும்பைக் கிளையில் செக் போட்டு எடுத்துவிட்டார்கள். இவர் மெயில் அனுப்பியவனைத் தேடி அலையவில்லை, வங்கியை இழுத்தார். பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தப்பு என்றது வங்கி. 2010 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, 12.85 லட்சம் கொடு என்று வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5. இந்தத் தீர்ப்பு அதிகாரி யாரென்று ஊரில் பாதி வக்கீலுக்குத் தெரியாது. அரசின் ஐ.டி. துறைச் செயலாளர்தான். 5 கோடி வரை நஷ்டஈடு கேட்கலாம். அவர் விசாரிக்கக்கூடிய விஷயத்தை சிவில் கோர்ட் தொடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாலு மாதத்தில், மிஞ்சினால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. விதி. சென்னைக்கு அலைய வேண்டும். 2023 ஜூன் முதல் போடியிலிருந்தே ரயில் விட்டிருக்கிறார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

6. கடைப் பெயரை டிரேட்மார்க் பதிவு பண்ணிவிடு. பதிவு இருந்தால், பெயரைத் திருடியவன் டில்லியில் இருந்தாலும் நீ தொழில் நடத்துகிற இந்தத் தேனி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாஸ்காம் சங்கத்தின் பெயரில் மெயில் அனுப்பி ஆட்களின் விவரம் பிடுங்கிய ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியை 2005இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் பெயர்த் திருட்டு வழியாகத்தான் மடக்கினார்கள். கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஹார்டு டிஸ்க்கையே எடுத்துவந்தார், 16 லட்சத்துக்கு ராஜி ஆனது.

7. வழக்கையே பிழைப்பாக்காதே. அமெரிக்காவில் ஒருவர் ஸ்பேமை வேண்டுமென்றே சேர்த்துவைத்து கேஸ் மேல் கேஸ் போட்டார். எதிராளியின் செலவுக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் டாலர் கட்டச் சொல்லிவிட்டது கோர்ட். 2009இல் அப்பீலிலும் தோற்றார்.

8. நீயும் கொசுவாகிவிடாதே. ஏலக்காய்க் கண்காட்சியில் பொறுக்கிய விசிட்டிங் கார்டுக்கெல்லாம் விலைப்பட்டியல் அனுப்புகிறாயே, அதற்கு என்ன பெயர்? வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனைக் கூப்பிட்டு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்கிறதா என்று கேள். உன் முகவரியை அப்படியே போட்டு அடுத்தவன் அனுப்புவதை அது தடுக்கும். எம்முக்கு ஆர்-என் ஒட்டுகிறவனைத் தடுக்காது.

அதற்கு நானும் கான்பூர்க்காரரும் ஒரு வழி வைத்திருக்கிறோம். பணம் போடும் முன் அவர் போன் பண்ணி, என் பேத்தியின் செல்லப் பெயரைக் கேட்பார். அது எந்த மெயிலிலும் கிடையாது. போன மாதம் அவசரத்தில் என் மகன் போனை எடுத்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைச் சொல்லிவிட்டான். மனுஷன் போனை வைத்துவிட்டார். பணம் மறுநாள்தான் வந்தது.