கால்விரல் ஊதாவானால் கொரோனாவா?

கேள்வி: டொக்டர், நாங்கள் நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். 14 வயது மகளுக்கு இந்தத் தை மாதப் பனியில் இரண்டு கால் விரல்களும் சிவந்து, பிறகு ஊதா நிறமாகி வீங்கிவிட்டன. இரவில் கம்பளிக்குள் போனதும் அரிப்பும் எரிச்சலும் தாங்காமல் அழுகிறாள். மூன்று கிழமைக்கு முன் கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி காய்ச்சலோடு வந்து போனான். அவளுக்கும் இரண்டு நாள் தடிமன் இருந்தது. போனில் 'கொரோனா விரல்' என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து லயத்தில் எல்லோருக்கும் பயம். சோதனை செய்ய வேண்டுமா? சுடுதண்ணீரில் காலை வைக்கலாமா?

— ஒரு வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. சுடுதண்ணீர் வேண்டாம். அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்காரவும் விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது 'சில்பிளெய்ன்' என்ற குளிர் வீக்கம் போலத்தான் தெரிகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து படும்போது விரல் நுனியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்றில்லை. அந்த நிலையில் சட்டென்று சூடு பட்டால் இரத்தம் வேகமாகப் பாய்ந்து, நீர் கசிந்து, விரல் வீங்கி அரிக்கிறது. மகள் கம்பளிக்குள் போனதும் அழுவது இதனால்தான்.

இனி கொரோனா. 2020 மார்ச், ஏப்ரலில் ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் தோல் மருத்துவர்களிடம் இப்படிப்பட்ட விரல்களோடு பிள்ளைகளும் இளைஞர்களும் வரத் தொடங்கினார்கள். குளிர்காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களில் பலருக்கு முன்பு இப்படி வந்ததும் இல்லை. ஸ்பெயினில் கொரோனா உறுதியான, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 375 பேரின் தோலை ஆராய்ந்தபோது 19 சதவீதத்தினரிடம் இந்த வகை மாற்றம் தெரிந்தது. 'கொரோனா விரல்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது அப்போதுதான்.

ஆனால் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு பிசிஆர் நெகட்டிவ். விரல் வீங்குவதற்குள் கிருமி உடம்பை விட்டுப் போயிருக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். சரி என்று இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடினால் பலரிடம் அதுவும் இல்லை. பாரிஸ் செயின்ட் லூயி ஆஸ்பத்திரி ஆய்வாளர்கள் 2021இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். சிலருடைய உடம்பு இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து கிருமியை வேகமாக விரட்டிவிடுகிறது, அந்த வேகத்தில் விரல் குழாய்களும் அடிபடுகின்றன என்பது அவர்கள் கருத்து. மறுபக்கம், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் தங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்துபோன தடயமே இல்லை என்றார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் செருப்பில்லாமல், அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

தொடர்பே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிலருக்கு இருக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் வசந்த காலத்தில் வந்ததால்தான் அது அதிசயமானது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், கொழுந்தே பனியில் கருகும் மாதத்தில், ஒரு பிள்ளையின் விரல் வீங்குவதில் என்ன அதிசயம்? வீட்டுக்குள் இருந்ததுதான் காரணம் என்ற வாதமும் இங்கே பெரியவர்களுக்குப் பொருந்தாது. 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு போட்ட பிறகும் தோட்டத்துப் பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டுதானே இருந்தார்கள்! லயத்துச் சீமெந்துத் தரையும், காலைப் பனியில் நனைந்த சப்பாத்தோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதும் உங்கள் மகளுக்குப் போதுமான காரணங்கள்.

ஆகவே இந்த விரலுக்காகக் கொரோனா சோதனை தேவையில்லை. மூன்று கிழமை கழித்துச் செய்யும் அன்டிஜன் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. காட்டினாலும் விரலுக்கான வைத்தியம் மாறாது. இப்போது புதிதாகக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அது வேறு விஷயம். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

காலை நன்றாகத் துடைத்து உலர்த்தி, இறுக்கமில்லாத கம்பளிச் சொக்ஸ் போட்டுவிடுங்கள். வேறொரு சோடி பள்ளிக்கூடப் பையில் இருக்கட்டும். நனைந்த சப்பாத்துக்குள் இரவில் பழைய பேப்பரைச் சுருட்டி வையுங்கள். சொறிய விடாதீர்கள். புதிதாகக் குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று கிழமையில் தானாகவே வடிந்துவிடும். மெலிந்த பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும், அதனால் சாப்பாட்டையும் கவனியுங்கள். பார்மசியில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். விரல் இடுக்கில் இருப்பது சேற்றுப்புண் என்றால் அந்தக் களிம்பு அதை வளர்த்துவிடும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நிஃபெடிபின் மாத்திரை கொடுப்பதுண்டு. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, டொக்டர் எழுதித் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

வீட்டில் சீனி வருத்தமுள்ள பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்கள் காலைச் சுடுதண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. சுருட்டோ சிகரெட்டோ குடிக்கும் ஆணுக்கு விரல் கறுத்து, நடந்தால் கெண்டைக்கால் வலித்தால், அதைப் பனி என்று விட்டுவிடாதீர்கள். இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம்.

மகளுக்கு விரலில் புண் உடைந்து சீழ் வைத்தாலோ, கறுத்தாலோ, மூட்டு வலி, வாய்ப்புண், கன்னத்தில் சிவப்பு என்று எதுவும் கூட வந்தாலோ, பங்குனி வெயில் வந்த பிறகும் வீக்கம் நின்றாலோ, தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிறுத்திக்கொள்ளாமல் நுவரெலியா ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.