பேப்பர் படித்தால் இங்கிலீஷ் வருமா?

சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வீட்டுக்கு வரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி. நாளைக்குப் பத்துச் சொல் மனப்பாடம் செய். இலக்கண விதியை ஒப்பித்துக் காட்டு. நல்ல கட்டுரை நாலைந்தை நெட்டுருப் போட்டு வைத்துக்கொள். பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டே இரு. இவற்றோடு கொஞ்சம் தணிந்த குரலில் இன்னொன்றும் வரும்: தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் சிரமம்தான். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், இந்த அறிவுரைகள் காரணமில்லாமல் பிறந்தவையும் அல்ல. பழைய தேர்வு ஒன்றுக்கு அவை ஓரளவு பொருந்தின. அந்தத் தேர்வு இப்போது இல்லை. அறிவுரை மட்டும் ஓய்வு பெறவில்லை.

படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் பழைய ஆங்கிலத் தாளில் ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. கொடுத்த தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து 350 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். தலைப்பு பரந்ததாக இருந்ததால், முன்பே மனப்பாடம் செய்த கதையை அதற்கேற்பத் திருப்பி எழுத வழி இருந்தது. 2015 முதல் 2025 வரைக்குமான ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம் ஐரோப்பிய மொழித்தகுதி அளவுகோலைக் கொண்டு வந்தது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் உள்ள அந்த அளவுகோலுக்கு ஏற்ப 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.மிலிருந்து 1119 என்ற எண்ணுள்ள ஆங்கிலத் தாளின் அமைப்பே மாறிவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள், நான்குக்கும் சமமான மதிப்பு. எழுத்துத் தாளின் முதல் பகுதி நண்பர் அனுப்பிய மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொற்களில் பதில் எழுதுவது. அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறதா, நண்பருக்கு எழுதும் தொனி இருக்கிறதா, கோவையாக இருக்கிறதா, மொழி எப்படி என்று நான்கு கோணங்களில் மதிப்பெண் பிரிகிறது. மொழிக்கு என்று இருப்பது அந்த நான்கில் ஒரு பங்கு. கடற்கரையில் கழித்த விடுமுறையைப் பற்றி எவ்வளவு அழகான கட்டுரையை மனப்பாடம் செய்திருந்தாலும், பள்ளி விழாவுக்கு என்ன உடுத்திக்கொள்வது என்று கேட்கும் நண்பருக்கு அது பதிலாகாது.

வாசிப்புத் தாளில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் மொத்தம் நாற்பது கேள்விகள். பத்துக் கேள்விகள் ஒரு பத்தியின் இடைவெளிகளை நிரப்பச் சொல்பவை, ஒவ்வோர் இடைவெளிக்கும் நான்கு விடைகள். இத்தகைய இடைவெளியில் 'மிஸ்டேக்' என்ற சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய வினையைக் கேட்டால் மாணவர் எங்கே தடுமாறுவார் என்று பாருங்கள். மேட், டிட், கேவ், டுக் நான்கும் இறந்தகால வினைகள், இலக்கணப்படி நான்கும் அங்கே உட்காரும். எந்த விதியும் விடையைக் காட்டிக் கொடுக்காது. 'மேட் எ மிஸ்டேக்' என்று முன்பு பல இடங்களில் கண்ணில் பட்டிருந்தால்தான் கை தானாகப் போகும். வீட்டுப்பாடத்துக்கு 'டூ', புகைப்படத்துக்கு 'டேக்', மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்று சொற்கள் தமக்குள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. நாளைக்குப் பத்துச் சொல் பட்டியலில் மிஸ்டேக் என்றால் தவறு என்று இருக்கும். அது யாரோடு சேரும் என்பது இருக்காது. பட்டியலே வீண் என்று நான் சொல்லவில்லை. பொருளை முதல் முறை அறிமுகப்படுத்த அது வேகமான வழி. ஆனால் அறிமுகம் பழக்கமாக வேண்டுமானால் அந்தச் சொல்லை வெவ்வேறு வாக்கியங்களில் பல முறை சந்திக்க வேண்டும், அந்தச் சந்திப்பு வாசிப்பில்தான் நடக்கிறது.

அப்படியானால் பேப்பர் படிக்கச் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். எல்லா அறிவுரைகளிலும் மரியாதை அதிகம் பெற்றதும், என் கணக்கில் அதிகம் கெடுதல் செய்ததும் இதுதான். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழையோ நாவலையோ துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். ஹெல்ப், ஹெல்பர், ஹெல்ப்ஃபுல் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். பக்கத்திலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முன்பே தெரிந்திருந்தால்தான் மீதி இரண்டைச் சூழலிலிருந்து ஊகிக்க முடியும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. படிவம் ஒன்றில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாயிரம் குடும்பங்கள் தெரிந்திருந்தால் அதுவே நல்ல நிலை. அவர் கையில் ஆங்கில நாளிதழின் பொருளாதாரப் பக்கத்தையோ அரசியல் தலையங்கத்தையோ கொடுத்தால் வரிக்கு ஒன்றிரண்டு தெரியாத சொல் இடறும். அகராதியைப் புரட்டிப் புரட்டி அரை மணி நேரத்தில் மூன்று பத்தி முடியும், எதுவும் ஒட்டாது. மறுநாள் பேப்பர் மேசையில் மடித்தபடி கிடக்கும். பெற்றோர் அதைச் சோம்பல் என்பார்கள். அளவு தவறிய சட்டையைப் போட்டுக்கொள்ள மறுத்ததுதான் அது.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு புத்தகப் பக்கத்தில் சுமார் 250 சொற்கள் இருந்தால் அதில் தெரியாதவை ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பத்துப் பதினைந்து என்று போனால் அந்தப் புத்தகம் வகுப்பில் ஆசிரியர் துணையோடு படிக்க ஏற்றது, தனியே படிக்க ஏற்றதல்ல. படிவம் இரண்டில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சோதனையில் தேறும் புத்தகம் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளின் கதைப்புத்தகமாக இருக்கலாம். 'இது சின்னப் பிள்ளைகள் படிப்பது' என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்காகவே சொற்களைக் கட்டுப்படுத்தி, துப்பறியும் கதை, பயணம், வரலாறு என்று வயதுக்கேற்ற பொருளில் எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்களும் இருக்கின்றன. நம் பள்ளி வள மையங்களிலும் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

எளிய கதையை நிறையப் படித்தால் தேர்வில் மதிப்பெண் ஏறுமா? இதற்குத் தோட்டத்துப் பின்னணி கொண்ட நாடொன்றிலிருந்தே சான்று இருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலத்திலேயே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்ட நாடு பிஜி. அங்கே 1980இல் ஆய்வாளர்கள் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் புத்தகமே அரிதான எட்டுக் கிராமப் பள்ளிகளுக்கு, நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்காக, 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள், சிலவற்றில் அமைதியாகத் தனித்தனியே படித்தார்கள். மற்ற சில பள்ளிகள் வழக்கமான வாக்கிய அமைப்புப் பயிற்சியையே தொடர்ந்தன. எட்டு மாதங்களில் கதை படித்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. புதுப் புத்தகம் வந்த உற்சாகம் என்று ஒதுக்கலாம். ஆனால் இருபது மாதம் கழித்து அளந்தபோது இடைவெளி சுருங்கவில்லை. எழுத்திலும் வாக்கிய இலக்கணத்திலும்கூட அந்தப் பிள்ளைகளே முந்தியிருந்தார்கள். இலக்கணப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களை இலக்கணத்திலேயே கதை படித்தவர்கள் முந்தியதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்.

இதைக் கேட்டதும் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு புது நம்பிக்கை கிளம்பக்கூடும். அதற்கும் சான்று இல்லை. மொழி ஆய்வாளர்கள் ஜான் நோரிஸ், லூர்தஸ் ஒர்ட்டேகா இருவரும் 2000இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, விதியை வெளிப்படையாக விளக்கிக் கற்பிப்பது பலன் தருகிறது என்றே தெரிந்தது. எந்த விதியை, எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். காலங்கள் பன்னிரண்டு என்று அட்டவணை போட்டு ஒப்பிப்பதைவிட, பிள்ளையே எழுதிய மின்னஞ்சலில் நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதியிருக்கும் இடத்தைக் காட்டி அந்த ஒரு விதியை மட்டும் விளக்குவது அதிகம் ஒட்டும். நாலு வாரம் எழுதியதைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு மாணவர் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அவருக்கு வேண்டிய இலக்கணப் புத்தகம் அந்த அளவுதான்.

பழைய வினாத்தாள் விஷயத்திலும் நம்பிக்கை பாதி சரி. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் நடத்திய சோதனையில், பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். மனப்பாடம் செய்த அன்று இரவு 'எல்லாம் வந்துவிட்டது' என்று தோன்றுவதன் ரகசியம் இதுதான். ஆகவே வினாத்தாள் செய்வது நல்லதே. ஆனால் நாற்பதுக்கு இருபத்தாறு என்று மேலே வட்டம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவதில் பயன் குறைவு. தவறிய பதினான்கையும் விடையைப் பார்க்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். 2021க்கு முந்தைய தாள்களை வைத்துப் பழகும் பிரத்தியேக வகுப்பாக இருந்தால் பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. முன்பு சந்தித்ததை மறக்காமல் வைத்திருக்கத்தான் தேர்வுப் பயிற்சி உதவும். சந்திக்காத சொல்லை அது கொண்டுவந்து தராது. எஸ்.பி.எம்.முக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்பவருக்கு வினாத்தாள் தவிர வேறு வழி இல்லைதான். படிவம் ஒன்றில் இருப்பவருக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது.

இனி அந்தத் தணிந்த குரல் விஷயம். ஆங்கிலம் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாதது என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை முதலாளிகள் நடத்தியது தொழிலாளர் சட்டத்துக்காகவும் ஆட்களைத் தோட்டத்திலேயே வைத்திருப்பதற்காகவும்தான். ஆங்கிலப் பள்ளிகள் ஈப்போவிலும் கோலகங்சாரிலும் இருந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்து பின்னாளில் அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போனார் என்றால் அவருடைய குடும்பத்துக்கு வசதி இருந்தது. எல்பில், டோவன்பி தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு அந்தத் தூரம் மைலில் மட்டும் இருந்ததில்லை. அதே சம்பந்தன் 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை நிறுவியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் நன்கு கற்றவருக்குத் தமிழ்ப்பள்ளி தடையாகத் தெரியவில்லை. அன்று எட்டாமல் போனதற்குக் காரணம் காசும் வாய்ப்பும். பழி மட்டும் எப்படியோ தமிழ்மேல் வந்து விழுந்தது.

மொழியமைப்பைப் பார்த்தால் அந்தப் பழி இன்னும் விந்தையாக இருக்கிறது. 'ஹி கோஸ்', 'தே கோ' என்று எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது ஆங்கிலத் தாள்களில் அதிகம் பேரைச் சறுக்கவிடும் இடம். மலாயில் 'டியா பெர்கி', 'மெரேக்கா பெர்கி' இரண்டுக்கும் வினை ஒன்றே. தமிழ்ப் பிள்ளையோ மூன்று வயதிலிருந்தே அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள் என்று வினையின் வாலை மாற்றிக்கொண்டிருக்கிறது. காலமும் அப்படித்தான். போனான், போகிறான், போவான் என்று வினைக்குள்ளேயே காலத்தை வைத்துப் பேசுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் காலவினை அந்நியமான எண்ணமே அல்ல. மறுபுறம், வீட்டில், வீட்டுக்கு என்று தமிழ் பின்னால் ஒட்டுவதை மலாய் 'டி ரூமா', 'கெ ரூமா' என்று முன்னால் வைக்கிறது, ஆங்கிலமும் முன்னால்தான் வைக்கிறது. அந்தப் பழக்கத்தை மலாய் கொடுத்துவிடுகிறது. 'எ', 'த' என்ற சிறு சொற்களில்தான் உண்மையான தொல்லை. அவை தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அங்கே தடுமாறத்தான் செய்வார்கள். மூன்று மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நல்ல மாணவர். படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டைக் கழித்தவருக்கும் இது பொருந்தும்.

ஆங்கிலத்தில் பாட நேரத்தைக் கூட்டினால் மொழி தானாக வந்துவிடும் என்ற வாதத்தையும் நாம் பார்த்தாயிற்று. 2003இல் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. 2009இல் அரசு மனம் மாறியது, 2012 முதல் அவை பழைய மொழிகளுக்குத் திரும்பத் தொடங்கின. அதன் நல்லது கெட்டது பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும்: அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஃபோட்டோசின்தசிஸ்' வகையைச் சேர்ந்தது. பள்ளி விழாவுக்கு என்ன உடுத்துவது என்று நண்பருக்கு எழுத அது போதாது.

மிஞ்சுவது பெற்றோரின் கவலை. எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது, பிள்ளை படித்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது? இதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. பிள்ளை பத்துப் பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, கதையைத் தமிழில் சொல்லக் கேட்கலாம். யார் வந்தார், என்ன கேட்டார், ஏன் கோபித்துக்கொண்டார் என்று குறுக்கே கேட்கலாம். கதை தொடர்ச்சியாக வந்தால் புரிந்து படித்திருக்கிறது, புத்தகத்தின் அளவும் சரி. 'யாரோ ஒருத்தர் எங்கேயோ போறாரு' என்று இழுத்தால் புத்தகம் கடினம் என்று பொருள். அதற்குப் பிள்ளையைத் திட்டாமல் அடுத்த முறை ஒரு படி எளிதானதை எடுத்து வரச் சொல்லலாம். புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைச் சொல்லும்போது ரோடிகரின் சோதனையில் நடந்ததே அங்கேயும் நடக்கிறது, தோம்யாம் கடைக்கு வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அம்மாவாலும் அதைச் செய்ய முடியும்.